கார் வரும், காளைகளை அவிழ்த்துவிடுங்கள்

ராஜபாளையம்,
1943ஆம் வருஷம், சனிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பும் மதிப்பும் நிறைந்த மூத்த மைத்துனர், மம்சாபுரம் எலியேசர் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை ரோசம்மாளின் கணவனாகிய நூல்கடை வேதமணி மிகுந்த சந்தோஷத்தோடு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் ரோசம்மாளும் தேவகிருபையால் சுகம். எங்கள் காரும் சுகம். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து இன்னொரு தரம் வாசித்துவிட்டு மேலே போகவும். அவ்விடம் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் கல்யாணப் பெண்ணான தங்கள் மகள் செல்லத்தாயும் தங்கள் காளைகள் இரண்டும் சுகமாயிருக்க வேண்டுமென்று ஜெபிக்கிறோம். காளைகளைப் பற்றிப் பின்னால் விவரமாக எழுதுகிறேன்.

தாங்கள் போட்ட தபால் கார்டு கிடைத்தது. அதைக் கவரில் போட்டிருக்கலாம். கார்டாகப் போட்டதால் எனக்கு முன்னால் தபால்காரர் வாசித்துவிட்டார். அவர் வாசித்ததால் எங்கள் தெருவே வாசித்துவிட்டது. நான் கடையில் உட்கார்ந்து அதைக் கையில் வாங்கும்போது எதிர்த்த கடைக்காரர், "என்னண்ணாச்சி, மச்சினன் மாட்டுவண்டி பூட்டுதாராமே?" என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்டார். கார்டில் தாங்கள், "மாப்பிள்ளை, உங்கள் கார் இருமிக்கொண்டே கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளை நடுரோட்டில் நிற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் கார் சரியாகிவிட்டதென்று நிச்சயமான தகவல் வராவிட்டால், புதன்கிழமை செல்லத்தாயை என் வில்வண்டியிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் சபைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன். காளைகளுக்குக் கொம்பு சீவியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். கொம்பு சீவியதுவரை போய்விட்டீர்களே என்று எனக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. நிச்சயமான தகவல் இதோ வருகிறது. சீவிய கொம்பை ஒட்டவைக்க முடியாது என்பது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

எனக்கும் ரோசம்மாளுக்கும் பிள்ளை இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. செல்லத்தாய் உங்கள் வீட்டில் பிறந்தாளே தவிர, பாதி நாள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். இந்தக் கார் வாங்கி வந்த அன்றைக்கு அதில் முதலில் ஏறி உட்கார்ந்தவள் அவள். "மாமா, என் கல்யாணத்துக்கு இதுலதான கூட்டிட்டுப் போவீக?" என்று கேட்டாள். "ஆமாட்டி, நானே ஓட்டிட்டுப் போறேன்" என்று சொன்னேன். ஒரு தகப்பன் தன் மகளுக்குச் செய்வது ஆயிரம் இருக்கும். எனக்கு வாய்த்தது அந்த ஒரு சவாரி. அதையும் தங்கள் காளைகள் தட்டிக்கொண்டு போக நான் சம்மதிக்க மாட்டேன். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியை வாசிக்கவும்.

"ஓடிக்கொண்டிருந்த வண்டியில் எதற்காகக் கை வைத்தீர்கள்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு வருகிற குழந்தை குட்டியெல்லாம் புதுசு உடுத்தும்போது, மணப்பெண்ணைச் சுமக்கிற கார் மட்டும் பழைய பிளக்கோடும் நைந்த வயரோடும் வரலாமா? இந்தச் சண்டைக் காலத்தில் பிளக் கிடைப்பது குதிரைக்கொம்பு. மதுரையில் நூல் வியாபாரி ஒருவரைப் பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, நாலு பிளக்கும் நாலு வயரும் வந்து சேர்ந்தன. பிளக் என்பது என்னவென்று, தாங்கள் மாடு வைத்திருப்பவர் என்பதால் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் நாலு அறை இருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் பெட்ரோல் புகைக்குத் தீ வைக்க ஒரு மின்சாரப் பொறி வேண்டும். அந்தப் பொறியை உள்ளே விடுகிற சாமான்தான் பிளக். வெள்ளைப் பீங்கானில் செய்து, மேலே ஒரு குமிழும் அடியில் இரும்புத் திருகும் வைத்திருப்பார்கள். மின்சாரத்தைக் கொண்டுவந்து குமிழில் விடுவது வயர். பழைய பனியனைப் போட்டுக்கொண்டு நானே உட்கார்ந்து மாற்றினேன். ஒரு வயரைக் கழற்றி, அது இருந்த இடத்திலேயே புதுசை மாட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பிற்பாடு ஊரில் பார்த்தவர் எல்லாம் "வயர மாத்திக் குடுத்திருப்பீக" என்று சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் காரின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாது. அன்று சாயங்காலம் ஒரு சுற்றுப் போனோம். எஞ்சின் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓடியது. ரோசம்மாள்கூட ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது புகழ்ச்சி.

மறுநாள் காலையில்தான் பிடித்தது சனியன். கிளப்பியதும் டக், டக், ஒரு வெறும் மூச்சு, மறுபடி டக். வண்டி உட்காருகிறது, எழுந்திருக்கிறது, முன்னால் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. நாலு அறையில் ஒன்றிலோ இரண்டிலோ தீப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இதற்கு மிஸ்ஸடிப்பது என்று பெயர். எரியாத பெட்ரோல் பின்னால் புகைக்குழாயில் போய்ச் சேர்ந்து டமால் என்று வெடிக்கும். கடைத்தெரு முக்கில் அப்படி வெடித்ததில், காய்கறி வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் "ஜப்பான்காரன் வந்துட்டாம்ல!" என்று கூவிவிட்டு, கத்திரிக்காயோடு ஓடினாள். காய்க்காரி குண்டுக்குப் பயப்படாமல் காசுக்காகப் பின்னால் ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலும் வெடித்தது. குருவானவர் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தார். சபையும் கண்ணைத் திறந்தது. எல்லாருடைய கண்ணும் என்மேல் இருந்தது. நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தில் இருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணுச்சாமி என்று ஒரு மெக்கானிக் இருக்கிறான். பேச்சில் அவனை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. அவனிடம் காட்டலாம் என்று, இருமல் தொடங்கிய அன்றைக்கே நானும் ரோசம்மாளும் கிளீனர் ஆண்டிச்சாமியும் புறப்பட்டோம். ஆண்டிச்சாமி என்பவன் தினமும் விடிந்ததும் வந்து காரைக் கழுவி, தண்ணீர், எண்ணெய் பார்த்து, பானெட்டை மூடி வைத்துவிட்டுப் போகிறவன். முறுக்கிய மீசையும் முருக பக்தியும் உள்ளவன். வெள்ளைச் சட்டையோடு பானெட்டுக்குள் தலையை விடக் கூடாதென்பது ரோசம்மாளின் சட்டம். ஆகையால் காலையில் பானெட் அவன் பொறுப்பு, ஸ்டியரிங் என் பொறுப்பு. இருமிக்கொண்டே புறப்பட்ட கார், பாதி வழி தாண்டியதும் இருமலை நிறுத்தியது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் படும்போது தேனாக ஓடியது. கண்ணுச்சாமி காதை வைத்துக் கேட்டான். எஞ்சின் பெட்டியைத் தட்டினான். நெட்டுயிர்த்தான்.

"அண்ணாச்சி, இதுக்கு ஒரு நோயும் இல்ல."

"காலையில வந்து பாரு. கெழவன் மாதிரி இருமுது."

"இப்ப இருமலையே?"

"இப்ப இருமாது. இங்க வந்தா இருமாது."

"அப்ப வண்டிய இங்கயே வச்சுக்கிடுங்க" என்றான். சொல்லிவிட்டு, சும்மா அனுப்ப மனமில்லாமல் பெட்ரோலைப் புகையாக்குகிற கார்பரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினான்.

வரும்போது ரோசம்மாள், "ஏங்க, நம்ம காருக்குள்ள சந்தன வாடை வருதே, ஒங்களுக்கு வரல?" என்று கேட்டாள். நான் எஞ்சினைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். "கல்யாண நெனப்புல ஒனக்கு எல்லாம் சந்தனமா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். இந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு, தானே நோயைக் கண்டுபிடித்ததாக அவள் தங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதினால் நம்ப வேண்டாம். வாடை வருவதைச் சொன்னாள். அவ்வளவுதான். மூக்கு வேறு, மூளை வேறு.

அதற்குப் பிறகு காலையில் இருமுவதும், ஸ்ரீவில்லிபுத்தூர் போவதும், போன இடத்தில் இருமல் நிற்பதும், கண்ணுச்சாமி ஏதாவது ஒன்றைக் கழற்றி மாட்டுவதும் எங்களுக்குத் தினசரி வேலையாகப் போய்விட்டது. ஒருநாள் பெட்ரோலில் தண்ணீர் என்றான். ஒருநாள் பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற காயில் என்ற சுருள் சூடேறுகிறது என்றான். ஒருநாள், வயரெல்லாம் ராஜபாளையத்துக் காற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூர்க் காற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்றான். ராஜபாளையத்துக் காற்றில் பஞ்சு பறக்கிறதே தவிர வேறென்ன குறை என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னொரு நாள், எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக்காகத் திருப்புளியால் தொட்டுப் பார்த்தால் எது வேலை செய்யவில்லை என்று தெரியும் என்று சொன்னான். நான் தொட்டேன். எது வேலை செய்கிறது என்று தெரிந்தது. மின்சாரம் அடித்துக் கை தோள்பட்டை வரை எகிறியதில், கண்ணுச்சாமியின் தலைப்பாகை சாக்கடையில் விழுந்தது. வீட்டில் சாயங்காலம் பனியனோடு உட்கார்ந்து நாலு பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பீங்கானில் மட்டும் மஞ்சளாக ஏதோ பொடி ஒட்டியிருந்தது. ரோட்டுப் புழுதி என்று ஊதிவிட்டேன். அன்றைக்கு நான் ஊதாமல் நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் தங்களுக்கு இத்தனை நீளமான கடிதம் வந்திருக்காது.

இதற்கிடையில்தான் தங்கள் கார்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று கெடு வைத்துவிட்டீர்கள். செல்லத்தாய் காளைவண்டியில் போவாள், நான் பின்னால் நடந்து வருவேன் என்று நினைத்துக்கொண்டே அன்றைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டினேன். ஒரு முடிவு கட்டிவிட வேண்டுமென்று கண்ணுச்சாமியின் கையைப் பிடித்தேன்.

"நீ நாளைக்கு விடியக்காலம் மொத பஸ்ஸுல ராஜபாளையம் வா. ஒங் காதால கேளு. கேட்டபொறவு சொல்லு."

வந்தான். மல்லிகைப்பூப் போல இட்லி போட்டு, ரோசம்மாள் உபசாரம் செய்தாள். ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். கார் ஒரே சுற்றில் கிளம்பி, தேனாக, பாலாக, ஒரு இருமல் இல்லாமல், ஒரு தும்மல் இல்லாமல் ஓடியது. கண்ணுச்சாமி என்னைப் பார்த்தான். எஞ்சினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, கல்யாண அலைச்சல்ல சூடு ஏறியிருக்கும். நல்லெண்ண தேச்சுக் குளிங்க."

"நான் பொய் சொல்லுதேன்னு நெனைக்கியா?"

"சேச்சே. காதுல எண்ண ரெண்டு சொட்டு விடுங்கன்னுதான் சொல்லுதேன்."

அவன் போன பிறகு நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாக் காலையும் இருமுகிற கார் இன்றைக்கு மட்டும் ஏன் இருமவில்லை? இன்றைக்கு எது குறைந்திருக்கிறது? அப்போதுதான் எனக்குப் புத்தியில் தட்டியது. ஆண்டிச்சாமி அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. அக்காள் வீட்டில் காதுகுத்து என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவன் வராத காலையில் காருக்கு நோய் வரவில்லை! சரி, அவன் அக்காள் எந்த ஊரில் இருக்கிறாள்? மம்சாபுரத்தில். யார் தெருவுக்கு அடுத்த தெருவில்? சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தாங்கள்தான் அவனைப் பிடித்து, காளைகளின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக என் காரில் கை வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்று நான் சந்தேகப்பட்டேன். ரோசம்மாளிடம் சொன்னதும், "எங்கண்ணன் அப்படிச் செய்யுத ஆளா?" என்று ஆரம்பித்து, தாங்கள் சின்ன வயதிலிருந்து செய்த நல்ல காரியங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி, எனக்கு அன்று ரசம் ஊற்றவில்லை. இப்போது தங்களிடம் மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் கொம்பு சீவியதற்கு ஒரு வார்த்தை சொல்லலாம்.

நேற்றுக் காலை, வெளிச்சம் வந்ததும் நான் காரின் பின்சீட்டில் படுத்து, மேலே ஒரு நூல் சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டேன். சாக்கில் பஞ்சுத் தூசி. தும்மல் வந்துவிடுமோ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஆண்டிச்சாமி வந்தான். காரைக் கழுவினான். தண்ணீர் ஊற்றினான். அதுவரை குற்றம் இல்லை. பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மடியிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்தான். நான் சாக்கைச் சற்றே விலக்கிப் பார்த்தேன். பானெட்டைத் திறந்து, சிரட்டையில் விரலை விட்டு, உள்ளே எதையோ தடவு தடவென்று தடவினான். தடவிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அந்த நிமிஷம் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. சாக்கோடு எழுந்தேன்.

"ஐயோ முருகா!" என்று அவன் சிரட்டையை மேலே வீசிவிட்டான். அது என் தலையில் விழுந்தது. குளுகுளுவென்று இருந்தது. வழித்துப் பார்த்தேன். அரைத்த சந்தனம். பச்சைச் சந்தனம். நடுவில் குங்குமம்.

"ஏலே! என்னலே இது?"

"மொதலாளி... சாமி சத்தியமாச் சொல்லுதேன், கெட்டது ஒண்ணும் செய்யல."

"எதுல தடவுன?"

"புது பிளக்குலதான் மொதலாளி. நாலுலயும்."

"எதுக்குலே பிளக்குக்குச் சந்தனம்?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். "பழைய பிளக்கு கரியேறிக் கெடந்துச்சு, எனக்கு ஒண்ணும் தோணல. இது புத்தம் புதுசு. வெள்ளை வெளேர்னு வெறும் நெத்தியா நிக்குது. நம்ம பிள்ள கல்யாணப் பொண்ணா ஏறப்போற வண்டி. வெறும் நெத்தியோட விடலாமா? முன்னாடி மூஞ்சியில வைக்கலாம்னா, நீங்க ஏசுசாமியக் கும்புடுத வேதக்காரவுக, என் வண்டியில பொட்டு வைக்கக் கூடாதுன்னு வந்த அன்னைக்கே சொல்லிட்டீக. மொதலாளி சொல்ல மீறலாமா? அதான் ஒங்க கண்ணுல படாத எடமாப் பாத்து உள்ளாற வச்சேன். கொஞ்சமா வச்சா காஞ்சுபோயி உதுந்துருது. அதனால மேல குமிழுலருந்து கீழ இரும்பு வரைக்கும் நல்லாப் பூசி, தெனம் புதுசா வச்சேன். ஒங்க சொல்லும் காப்பாத்தியாச்சு, வண்டிக்கும் செய்ய வேண்டியதச் செஞ்சாச்சு."

மைத்துனர் அவர்களே, அவனைத் திட்ட வாயைத் திறந்த நான் திறந்தபடியே நின்றேன். அந்த இடத்தில், தலையில் சந்தனத்தோடு நின்றபடி, முழு விஷயமும் எனக்கு விளங்கிவிட்டது! பொறி எங்கே குதிக்க வேண்டும்? அறைக்குள்ளே. அதற்குத்தான் வெளியே பீங்கான் வைத்து வழியை அடைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். ஆண்டிச்சாமி அந்தப் பீங்கான்மேல் ஈரச் சந்தனத்தால் மேலிருந்து கீழே வரை ராஜபாட்டை போட்டுக் கொடுத்துவிட்டான். மின்சாரம் உள்ளே போவானேன்? வெளியிலேயே சந்தனத்தோடு வழுக்கி இரும்பில் இறங்கிவிடுகிறது. எந்தப் பிளக்கில் ஈரம் அதிகமோ அந்த அறை பட்டினி. எஞ்சின் சூடேறிச் சந்தனம் காய்ந்ததும் வழி அடைபட்டு, பொறி ஒழுங்காக உள்ளே போகிறது. அந்தச் சூடு ஏறுகிற தூரம்தான் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழி! காற்றும் இல்லை, காயிலும் இல்லை, பெட்ரோலில் தண்ணீரும் இல்லை. ஜில்லா முழுக்கத் தேடினாலும் இதைக் கண்டுபிடித்திருக்க ஒரு மண்டை கிடையாது, என்னைத் தவிர. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கண்டுபிடித்தது போதாது, நிரூபிக்க வேண்டும் அல்லவா? துணியால் நாலு பிளக்கையும் துடைத்தேன். கிளப்பினேன். தேன். "இப்பத் தடவுலே" என்றேன். அவன் தடவினான். கிளப்பினேன். டக், டக், டமால். அடுத்த தெருவில் ஒரு நாய் ஊளையிட்டது. மறுபடி துடைத்தேன். தேன். சத்தம் கேட்டு ரோசம்மாள் வெளியே வந்தாள். என் தலையைப் பார்த்தாள், சிரட்டையைப் பார்த்தாள், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பெண்களுக்கு விஞ்ஞானத்தில் பொறுமை போதாது.

தலையைக்கூடக் கழுவாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் விட்டேன். கண்ணுச்சாமி கடையை இரண்டு சுற்று சுற்றி வந்து நிறுத்தி, விஷயத்தைச் சொன்னேன். அவன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டான்.

"அட, அந்தச் சந்தனமா! காஞ்சு கெடந்தத நான் மொத நாளே பாத்தனே அண்ணாச்சி. தெனம் தொடச்சுத்தான மாட்டுனேன்."

"பாத்தியா? பாத்துட்டு ஏம்லே சொல்லல?"

"நீங்க வேதக்கோயிலுக்குப் போறவுக. ஊருக்குத் தெரியாம உள்ளாற ரகசியமா வச்சிருக்கீக போலன்னு நெனச்சேன். அதப் போயி நாலு பேரு முன்னால கேட்டா ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு, கண்டும் காணாம விட்டுட்டேன்."

என் மானத்தைக் காப்பாற்ற ஆண்டிச்சாமி ஒளித்து வைத்திருக்கிறான். என் மானத்தைக் காப்பாற்றக் கண்ணுச்சாமி கண்ணை மூடியிருக்கிறான். இத்தனை பேர் காப்பாற்றியதில் என் மானம் கடைத்தெரு முழுக்க டமால் டமால் என்று வெடித்திருக்கிறது. இருந்தாலும் எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம். வந்த சந்தோஷத்தில் நேரே வீட்டுக்குத் திரும்ப மனமில்லை. கார் இருமுவதைக் கேட்டவர்கள் எல்லாரும் அது பாடுவதையும் கேட்க வேண்டாமா? தளவாய்புரம் போனேன். அங்கே நூல் வாங்குகிறவர்கள் ஐந்தாறு பேரை ஏற்றி ஒரு சுற்று காட்டினேன். செட்டியார்பட்டி போனேன். அங்கிருந்து வந்து, கத்திரிக்காயோடு ஓடிய அம்மாள் வீட்டு வாசலில் செத்த நேரம் எஞ்சினை ஓடவிட்டு நின்றேன். குருவானவர் வீட்டு வாசலிலும் நின்றேன். அவர் வெளியே வந்து, "என்ன வேதமணி, வண்டி நிக்குதா ஓடுதா? சத்தமே இல்லயே!" என்றார். இந்த வாழ்நாளில் இதைவிட ஒரு நல்ல வார்த்தையை நான் கேட்டதில்லை. இன்று காலையிலும் மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், கல்யாணம் நடக்கப்போகிற கோயில் வாசலில் கார் எந்த இடத்தில் நிற்க வேண்டும், செல்லத்தாய் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று பார்த்து, பின்னோக்கி ஒருமுறையும் முன்னோக்கி ஒருமுறையும் நிறுத்திப் பழகிவிட்டு வந்தேன்.

ஆண்டிச்சாமியை நான் வேலையை விட்டு நிறுத்தவில்லை. எங்கள் பிள்ளை நன்றாக இருக்க வேண்டுமென்று தினமும் சொந்தக் கையால் சந்தனம் அரைத்தவனை எப்படி நிறுத்துவது? ரோசம்மாளே அதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் மாட்டியிருக்கிற ஸ்டெப்னி சக்கரத்தின் உட்பக்கத்தில் அவன் என்ன வைத்தாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று ஒப்பந்தம் செய்திருக்கிறோம். அதில் மின்சாரம் ஓடவில்லை. குருவானவரும் அந்தப் பக்கம் குனிந்து பார்க்கப் போவதில்லை.

ஆகையால் தங்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், புதன்கிழமை காலையில் கார் தங்கள் வாசலில் நிற்கும். செல்லத்தாய் முன்சீட்டில் வேண்டுமா பின்சீட்டில் வேண்டுமா என்று அவளையே கேட்டு வைக்கவும். தாங்கள் விரும்பினால் தாங்களும் ஏறிக்கொள்ளலாம். எனக்கு மனதில் ஒன்றும் இல்லை. வில்வண்டிக்கு அன்று வேலை கிடையாது. காளைகளை நுகத்திலிருந்து அவிழ்த்து, பருத்திக்கொட்டை ஆட்டி வைத்து, நிழலில் கட்டிப் போடவும். அவை பாவம், ரொம்ப காலமாக உழைக்கின்றன. காலம் மாறிவிட்டது என்பதை அவற்றிடம் தாங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

வானத்தின் பனியும் பூமியின் செழிப்பும் தங்கள் குடும்பத்தின்மேல் குறைவில்லாமல் இறங்கவும், மணமக்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக வாழவும் நாங்கள் இருவரும் முழங்காலில் நின்று கேட்டுக்கொள்கிறோம். தங்கள் தங்கை தன் அன்பைத் தெரிவிக்கச் சொல்கிறாள். ஆண்டிச்சாமி கும்பிடுகிறான்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற தங்கள் தங்கை கணவன்,
வேதமணி.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஆள் மூலமாக அனுப்புவானேன், காரிலேயே கொண்டுவந்து தங்கள் கையில் கொடுத்து, எஞ்சினையும் கேட்க வைத்துவிட்டு வரலாம் என்று ரோசம்மாளோடும் ஆண்டிச்சாமியோடும் புறப்பட்டேன். மம்சாபுரத்துக்குத் திரும்புகிற முக்குக்குக்கூட வந்து சேரவில்லை, கார் நின்றுவிட்டது. இருமவில்லை, வெடிக்கவில்லை, வெகு மரியாதையாக நின்றது. பானெட்டைத் திறந்தோம். பிளக்கெல்லாம் பளபளவென்று இருக்கின்றன. ஆண்டிச்சாமி டாங்கில் குச்சியை விட்டுப் பார்த்தான். குச்சி காய்ந்து வந்தது. யுத்தம் தொடங்கியதிலிருந்து சர்க்கார் மாசத்துக்கு இவ்வளவுதான் என்று கூப்பனுக்கு அளந்து பெட்ரோல் கொடுப்பது தாங்கள் அறியாததல்ல. நோயைக் கண்டுபிடிக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அலைந்ததிலும், கண்டுபிடித்ததை ஊருக்குக் காட்டியதிலும் இந்த மாசத்துக் கூப்பன் முழுக்கத் தீர்ந்துபோயிருக்கிறது. அடுத்த கூப்பன் கல்யாணம் முடிந்த பிறகுதான். ரோசம்மாள் ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, "எல்லாத்தையும் பாத்தீகளே, இதப் பாக்கலியே" என்று சொல்லி, முதலில் அழுதாள், இப்போது சிரித்துக்கொண்டிருக்கிறாள். இதைக் கார் சீட்டில் உட்கார்ந்து எழுதி ஆண்டிச்சாமியிடம் கொடுத்து, நடையாய் அனுப்புகிறேன். ஆகையால் மேலே காளைகளைப் பற்றி எழுதியதைத் தாங்கள் பெரிய மனது பண்ணி அடித்துவிட்டு, காளைகள் இரண்டையும் நல்ல கயிறோடு இவனிடமே கொடுத்தனுப்பவும். காரின் முன்னால் பூட்டக் காளைகள் மட்டும் போதும், வில்வண்டி வேண்டாம். செல்லத்தாய்க்குக் கொடுத்த வாக்கை நான் மாற்றுவதாக இல்லை. புதன்கிழமை அவள் என் காரில்தான் கோயிலுக்குப் போவாள். ஸ்டியரிங்கை நானே பிடிப்பேன், வழி நெடுக ஹாரனையும் நானே அடிப்பேன், காளைகளை அதற்கு இன்றிலிருந்து பழக்க வேண்டும். மம்சாபுரத்திலிருந்து கோயில் வாசல் வரைக்கும் எஞ்சின் ஒரு தடவைகூட மிஸ்ஸடிக்காது என்று உறுதி கூறுகிறேன்.